ஏஞ்சல் ரெடிமேட்ஸில் புதிய டிஸ்பிளே

ஏஞ்சல் ரெடிமேட்ஸின் முன்பக்கக் கண்ணாடிக்குப் பின்னால் ஷீலா தையல் மெஷினைப் போட்டு உட்கார்ந்திருந்தது அழகுக்காக அல்ல. கடையில் வெளிச்சம் வருகிற இடம் அது ஒன்றுதான். பேண்டை வெட்டி மடித்துத் தைப்பது, ஜாக்கெட்டைப் பிரித்து விடுவது, பள்ளிக்கூடப் பாவாடைக்கு அடுத்த வருஷத்து வளர்த்திக்கும் சேர்த்து உள்ளே துணி விட்டு மடிப்பது எல்லாம் அங்கே உட்கார்ந்துதான். கூடவே, புளியங்குடி பஸ்ஸிலிருந்து யார் இறங்குகிறார்கள், எந்தக் கடைப் பையோடு திரும்புகிறார்கள், யார் யாரைப் பார்த்ததும் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போகிறார்கள் என்பதும் அந்த இடத்திலிருந்து தெரியும். அவள் கணவர் சாம்ராஜ் கல்லாவில் உட்கார்ந்து தினமும் பேப்பர் படிப்பார். ஷீலாவுக்கு அது தேவைப்பட்டதில்லை.

அந்த இடத்துக்கு ஆபத்து கோயம்புத்தூர் வழியாக வந்தது.

சாம்ராஜின் அக்கா மகன் பிரவின்ராஜ் அங்கே ஒரு ஹோட்டலின் ஏசி ஹாலில் நடந்த கடை அலங்காரப் பயிற்சிக்குப் போயிருந்தான். சனிக்கிழமை போகும்போது வேலை தேடிக்கொண்டிருந்த பையன், ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது 'விஷுவல் மெர்ச்சண்டைசிங் கன்சல்டன்ட்' ஆகியிருந்தான். விசிட்டிங் கார்டில் அவன் பெயரைவிட அந்தப் பட்டம் பெரிய எழுத்தில் இருந்தது. சொந்த ஊரான சங்கரன்கோவிலில் அந்தத் தொழிலில் வேறு யாரும் இல்லாததால் முதலிடத்தைப் பிடிப்பதில் அவனுக்குச் சிரமம் ஏற்படவில்லை.

ஆடித்தபசுத் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில் அவன் கடைக்கு எதிரே நின்று, இரண்டு கைவிரல்களாலும் சதுரம் பிடித்து, அதன் வழியாகக் கடையைப் பார்த்தான். பிறகு உள்ளே வந்தான்.

"மாமா, ஒங்க கண்ணாடி பேச மாட்டேங்கு."

"கண்ணாடி எதுக்குடே பேசணும்? ஒங்க அத்தை பேசுதது போதாதா?" என்றார் சாம்ராஜ்.

"வெளையாடாதீங்க மாமா. நைட்டி, உள்பாவாடை, பிள்ளைகள் சட்டை, எல்லாத்தையும் ஒண்ணா தொங்க விட்டிருக்கீங்க. ரோட்டுல போறவன் எதைப் பாப்பான்? ஒரே ஒரு டிரஸ்தான் இருக்கணும். சுத்திக் காலி இடம். காலி இடம்தான் லக்சரி."

"நம்ம சரக்கு வைக்குற கிட்டங்கி பூரா லக்சரியாத்தான் கெடக்கு" என்றாள் ஷீலா. மெஷினிலிருந்து கால் எடுக்கவில்லை.

பிரவின்ராஜ் அவள் பக்கம் திரும்பினான். "அத்தை, மொதல்ல இந்த மெஷின் இங்கன இருக்கக் கூடாது. இதெல்லாம் பேக் எண்ட்."

"பேக் எண்டுன்னா?"

"பின்னாடி."

"பின்னாடின்னே சொல்ல வேண்டியதுதான. பின்னாடி எங்கன?"

"மாடிப்படிக்கு அடியில. டியூப்லைட் போட்டுத் தாரேன்."

ஷீலா கணவரைப் பார்த்தாள். சாம்ராஜ் பேப்பரைப் பார்த்தார். அவர் நல்லவர்தான், ஆனால் யாராவது அவருடைய கடையை ஷோரூம் என்று சொல்லிவிட்டால் அவருக்கு வேறு எதுவும் காதில் விழாது. பிரவின்ராஜ் அன்றைக்கு அந்தச் சொல்லைத் தேவைக்கு மேலேயே சொன்னான்.

"ஏட்டி, தபசு வரைக்கும் இருந்து பாரேன்" என்றார் சாம்ராஜ்.

"தபசு முடிஞ்சதும் என் எடத்துக்கு வந்துருவேன்."

"அத்தை, இது பெர்மனென்ட் கான்செப்ட்" என்றான் பிரவின்ராஜ்.

மெஷின் மாடிப்படிக்கு அடியில் போனது. அங்கே நிமிர்ந்து உட்கார்ந்தால் படி தலையில் இடிக்கும். டியூப்லைட் யோசித்து யோசித்து எரிந்தது. அங்கிருந்து ஷீலாவுக்குத் தெரிந்தது சுவர் ஒன்றுதான். சுவரில் யாரும் பஸ்ஸிலிருந்து இறங்கவில்லை.

முன்னால் வேலை மும்முரமாக நடந்தது. கண்ணாடிக்கு உள்ளே பக்கச் சுவர்களில் வெள்ளைத் தாள் ஒட்டினான் பிரவின்ராஜ். நடுவில் ஒரு நாற்காலி. அதில் ஒரு பொம்மை, அதற்கு நீலச் சுடிதார். பொம்மையின் கை எதையோ பிடிக்கிற மாதிரி மடங்கியிருந்ததால் தன்னுடைய பழைய போனை அதில் சொருகினான். பொம்மை குனிந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தது. இதற்குத் தலைப்பு 'நவீனப் பெண்'. கண்ணாடிக்கு மேலே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தெரிகிற மாதிரி ஒரு ஃபிளெக்ஸ்:

ஏஞ்சல் ரெடிமேட்ஸில் புதிய டிஸ்பிளே. இன்று முதல். வாருங்கள், பாருங்கள்.

ஒரு ஜன்னலைத் திறந்து வைக்கச் சிறப்பு விருந்தினர் வேண்டுமா என்று சாம்ராஜ் கேட்டார். திறக்கவே முடியாத ஜன்னல் என்பதால்தான் வேண்டும் என்றான் பிரவின்ராஜ். வியாபாரிகள் சங்கத் தலைவர் கோமதிநாயகம் அழைக்கப்பட்டார். தண்ணீர்ப் பந்தல் முதல் புதுக் கதவு போட்ட ஏடிஎம் வரை ஊரில் ரிப்பன் வெட்ட வேண்டிய எதையும் அவர் விட்டுவைத்ததில்லை. எல்லாம் கரை வேட்டியில்தான். ஆனால் பிரவின்ராஜ் போனில், "சார், நம்ம தீம் நவீனம். வேட்டி செட் ஆகாது. ஃபார்மல்ஸ்ல வாங்க" என்று சொல்லிவிட்டான்.

மகளைக் கல்லூரியில் சேர்க்கப் போனதற்குப் பிறகு பேண்ட் போட்டிராத மனிதர், ஏஞ்சல் ரெடிமேட்ஸிலேயே ஒரு கறுப்புப் பேண்ட் எடுத்தார். இடுப்பு சரியாக இருந்தது. கால் மட்டும் வேறு யாருக்கோ தைத்த மாதிரி தரையில் புரண்டது. வெட்டி மடித்துத் தைக்க அது மாடிப்படிக்கு அடியில் போனது.

"ஏட்டி, அண்ணாச்சி பேண்ட் எப்ப கெடைக்கும்?" என்று சாம்ராஜ் வந்து எட்டிப் பார்த்தார்.

"தெரிஞ்சா கெடைக்கும்."

"என்ன தெரிஞ்சா?"

"பேண்ட் தெரிஞ்சா. கறுப்புத் துணி, கறுப்பு நூல், எடமும் கறுப்பு. லைட்டு அணையும்போது தைக்கேன், எரியும்போது தேடுதேன்."

சாம்ராஜ் டியூப்லைட்டைத் தட்டினார். அது ஒருமுறை எரிந்து, மரியாதைக்காக நின்று, அணைந்தது.

திறப்பு விழா அன்று ரிப்பன் கட்டி முடிப்பதற்கு முன்பே கூட்டம் சேர ஆரம்பித்தது. பிரவின்ராஜுக்கே அது ஆச்சரியம். ஆனால் எதிர்பார்த்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான்.

"பாத்தீங்களா மாமா கூட்டத்த? ஃபுட்ஃபால்னு சொல்லுவோம்."

"எல்லாரும் கையில போனை வெச்சிக்கிட்டு நிக்காங்களே?"

"செல்ஃபி எடுக்க மாமா."

கூட்டத்தில் முதல் ஆளாக நின்றது மேலநீலிதநல்லூரிலிருந்து கோயிலுக்கு வந்திருந்த பேச்சித்தாய் என்ற அம்மாள். அவள் சுருக்குப்பையிலிருந்து ஒரு போனை எடுத்து நீட்டினாள். அதன் முகம் நொறுங்கிய அப்பளம் மாதிரி இருந்தது.

"தம்பி, டிஸ்பிளே போயிருச்சு. மாத்தித் தாங்க."

"டிஸ்பிளே போகலம்மா. இன்னைக்குத்தான் வந்திருக்கு."

"வந்திருக்குன்னு எழுதிப் போட்டிருக்கதப் பாத்துத்தான வாரேன். என் போனுக்கு வந்திருக்கா?"

பிரவின்ராஜ் அவளுக்குப் புரிகிற மாதிரி விளக்கினான். டிஸ்பிளே என்றால் காட்சிப்படுத்துதல். வாடிக்கையாளரின் மனதோடு கடை நடத்துகிற உரையாடல். பேச்சித்தாய் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, மாத்த எம்புட்டு ஆகும்?" என்றாள்.

கோயம்புத்தூரில் அந்தச் சொல்லுக்கு என்னென்ன அர்த்தமோ, இங்கே ஒரே அர்த்தம்தான். கையில் போன் இருக்கிற எல்லாருக்கும் அது தெரியும், அதைக் கீழே தவறவிட்டவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். போதாததற்குக் கண்ணாடிக்குள் ஒரு பெண் பிள்ளை போனையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"அந்தப் பிள்ளைக்கும் டிஸ்பிளே போயிருச்சு போல. பாவம், எம்புட்டு நேரமா முழிச்சுக்கிட்டே இருக்கு" என்றாள் பேச்சித்தாய். பின்னால் நின்றவர்கள், அப்படியானால் தங்கள் முறை எப்போது வரும் என்று விசாரித்தார்கள்.

அடுத்த சந்தில் போன் பழுது பார்க்கும் மைதீன் பாட்சா செய்தி கேள்விப்பட்டு வந்து சேர்ந்தார்.

"அண்ணாச்சி, தொழில மாத்திட்டீங்கன்னாங்க. செய்யுங்க, வேண்டாங்கல. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"நான் எங்கவே மாத்துனேன்" என்றார் சாம்ராஜ். பாட்சா ஃபிளெக்ஸைப் படித்தார், பொம்மையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். விஷயம் விளங்கியதும் அவர் முகம் தெளிந்துவிட்டது.

"அப்ப ஒண்ணு செய்வோம். அந்தப் பொம்மையை எடுத்துட்டு எனக்கு அங்கன ஒரு டேபிள் போட்டுக் குடுங்க. வாடகை தாரேன்."

சாம்ராஜ் தாடையைச் சொறிந்தார். கடைக்குள்ளே, மாடிப்படிக்கு அடியில், மெஷின் சத்தம் நின்றது. அந்த இடம் பொம்மையிடமிருந்து பாட்சாவுக்குப் போய்விட்டால் அப்புறம் திரும்பி வராது என்று ஷீலாவுக்குத் தெரியும். பொம்மையையாவது எப்போதாவது தூக்கி வைக்கலாம். வாடகைக்கு வந்தவரைத் தூக்கி வைக்க முடியாது.

சாம்ராஜ் பதில் சொல்வதற்குள் தலைவரின் கார் வந்தது.

கோமதிநாயகம் இறங்கியதும் கூட்டத்தைப் பார்த்து நெகிழ்ந்துபோனார். இவ்வளவு பேர் தனக்காகக் காத்திருந்தது அவருக்குப் புதிதல்ல என்பது போலக் கையசைத்தார். சாம்ராஜ் சுருக்கமாக ஜெபம் செய்தார். தலைவர் கத்தரிக்கோலை வாங்கி, போட்டோவுக்காக ஒரு காலை முன்னால் எடுத்து வைத்தார்.

அப்போதுதான் எல்லாரும் பார்த்தார்கள். அவருடைய வலது கால் பேண்ட் ஷூவின் மேல் ஒழுங்காக இறங்கியிருந்தது. இடது கால் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, வயலில் இறங்கப் போகிறவனுடையது மாதிரி, நின்றுபோயிருந்தது. கடைசி நேரத்தில் கைக்கு வந்த பேண்டை அவசரமாக மாட்டிக்கொண்டு வந்தவர் அதைக் குனிந்து பார்த்திருக்கவில்லை.

"தலைவரு நடவுக்குக் கெளம்பிட்டாரு போல" என்று ஒரு குரல் கேட்டது.

டிஸ்பிளே போன போன்களிலும் கேமரா நன்றாகவே வேலை செய்தது.

ரிப்பன் வெட்டப்பட்டதா என்பதை யாரும் கவனிக்கவில்லை. தலைவர் கடைக்குள் வந்து, அலமாரியிலிருந்த ஒரு வேட்டியைத் தானே எடுத்துக் கட்டிக்கொண்டு, பேண்டைக் கையில் தூக்கிப் பிடித்தார்.

"இதைத் தைச்சது யாரு?"

"நான்தான் அண்ணாச்சி" என்றாள் ஷீலா.

"வேணும்னே செஞ்சியாட்டி?" என்றார் சாம்ராஜ், பாதிக் குரலில்.

"வேணும்னே செய்யணும்னாலும் வெளிச்சம் வேணும்லா. இருட்டுல அது தானா வந்தது."

"எங்கன உக்காந்து தைச்ச?" என்று கேட்டுக்கொண்டே தலைவர் மாடிப்படிப் பக்கம் போனார். உள்ளே குனிந்தார். டியூப்லைட் அணைந்தது. படி அவர் தலையில் இடித்த சத்தம் வெளியே நின்றவர்களுக்கும் கேட்டது. நெற்றியைத் தடவியபடி வெளியே வந்தார்.

"ஏன்வே சாம்ராஜ், பொம்பளைய இங்கனயா உக்கார வெச்சிருக்கீரு? கோழி கூட இதுக்குள்ள அடையாதுவே."

"மாப்ளைதான் பேக் எண்டுன்னு சொன்னான்."

"என் போட்டோ இந்நேரம் சங்கத்து குரூப்புல வந்திருக்கும். மதியம் சங்கக் கூட்டத்துக்கு இதே பேண்டைப் போட்டுக்கிட்டுப் போகணும். ரெண்டு காலும் ஒண்ணா இருக்கணும். அதைத் தைக்கிறத ஊரு பாக்கணும். மெஷினைக் கண்ணாடிக்கிட்ட தூக்கிப் போடச் சொல்லும்."

"சார், அங்க கான்செப்ட் இருக்கு" என்றான் பிரவின்ராஜ்.

"கான்செப்டை எந்திரிக்கச் சொல்லுடே."

நவீனப் பெண் நாற்காலியோடு மாடிப்படிக்கு அடியில் போனாள். அங்கேயும் அவள் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்; அவளுக்கு வெளிச்சம் தேவைப்படவில்லை. மெஷின் பழைய இடத்துக்கு வந்தது. ஷீலா உட்கார்ந்தாள். முதலில் நிமிர்ந்தாள். புளியங்குடி பஸ் வந்து நின்றிருந்தது. யார் யார் இறங்கினார்கள் என்று கடைசி ஆள் வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் பேண்டைக் கையில் எடுத்தாள்.

குட்டைக் காலைப் பிரித்தபோது உள்ளே ஒரு சாண் துணி மடிந்து கிடந்தது. பள்ளிக்கூடப் பாவாடைக்கு விடுகிற மாதிரி, வெட்டாமல், பத்திரமாக. அறுபது வயதுத் தலைவர் அடுத்த வருஷம் வளரப் போகிறார் என்று அவள் நினைத்திருக்க முடியாது. சாம்ராஜ் அந்தத் துணியைப் பார்த்தார், மனைவியின் முகத்தைப் பார்த்தார். இன்னொரு தடவை கேட்கலாமா என்று யோசித்து, பேப்பரை எடுத்துக்கொண்டார்.

"அப்ப அந்த டேபிளு?" என்று பாட்சா கதவோரம் நின்று கேட்டார்.

"மாடிப்படிக்கு அடியில எடம் இருக்கு பாட்சாண்ணே. சுத்திக் காலி இடம். லக்சரி" என்றாள் ஷீலா.

பாட்சா சிரித்துக்கொண்டே திரும்பி, "டிஸ்பிளே மாத்த வந்தவங்கல்லாம் எங்கூட வாங்க" என்று குரல் கொடுத்தார். ஆனால் யாரும் உடனே நகரவில்லை. தலைவரின் இரண்டு காலும் சமமாகுமா என்று தெரிந்துகொள்ளாமல் போக அவர்களுக்கு மனம் வரவில்லை. தலைவரும் வேட்டியோடு வெளியே வந்து, கூட்டத்தோடு கூட்டமாக நின்று, "இன்னும் கொஞ்சம் எறக்கு, டேப்பை வெச்சுப் பாரு" என்று கண்ணாடி வழியாக உத்தரவு போட்டார். பேச்சித்தாய் தன் பேத்தியின் பாவாடையை இப்படிப் பிரித்துவிட முடியுமா என்று கேட்டாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி ஜாக்கெட்டைப் பற்றிக் கேட்டாள்.

பிரவின்ராஜ் இதையெல்லாம் சற்று நேரம் வாடிய முகத்தோடு பார்த்தான். பிறகு அவன் முகம் மெல்ல மலர்ந்தது. போனை எடுத்து, கண்ணாடிக்கு நேராக வந்து நின்று, வீடியோ எடுக்க ஆரம்பித்தான்.

"மாமா, நான் சொன்னேன்லா, கண்ணாடி பேசணும்னு. இதுக்குப் பேரு லைவ் டிஸ்பிளே. அடுத்த பயிற்சியில இதைத்தான் பிரசன்ட் பண்ணப் போறேன். அத்தை, அப்படியே இருங்க. கொஞ்சம் சிரிங்க."

ஷீலா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"தள்ளி நில்லு மருமவனே. வெளிச்சத்த மறைக்காத."