முகத்துக்கு எந்தக் கார்டு?

"எத்தனை மானிட்டர், அக்கா?" என்று கேட்டார் டாக்டர்.

"மூணு" என்று சொல்லிவிட்டு அவள் கவுண்டர் கண்ணாடிக்குள் இருந்த மவுஸ்களைப் பார்க்க ஆரம்பித்தாள். மூன்று என்று சொல்வதில் என்ன தப்பு? ஆனாலும் கன்னம் சூடாகியது. அவளுக்கே அவள்மேல் எரிச்சல் வந்தது.

டாக்டர் என்றால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. பழைய கம்ப்யூட்டர்களை வாங்கிப் பிரித்து, பிழைக்கிறதைப் பிழைக்கவைத்து விற்கிறவர். கடைக்கு யார் எதைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் "எங்க வலிக்குது?" என்றுதான் கேட்பார். பேர் ஒட்டிக்கொண்டது. அவளுக்கும் அப்படித்தான். கட்டட இன்ஜினியர்களுக்கு வீட்டிலிருந்தே பிளான் வரைந்து தருகிறவள் என்பதால் அவளைவிட மூத்தவர்கள்கூட பிளான் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தன் கம்ப்யூட்டரின் ஒல்லி கேபினெட்டை மடியில் வைத்துக்கொண்டு, குழந்தையைக் கூட்டி வருகிறவள் மாதிரி பஸ்ஸில் வந்திருந்தாள்.

அவள் கணவன் கடல் தாண்டி ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். ரெண்டு வருஷம்தானே என்று போனவன். அந்த ரெண்டு வருஷம் இந்த மாதத்தோடு முடிகிறது. இன்னும் ரெண்டு வருஷத்துக்கான காகிதத்தை ஆபீஸில் கொடுத்திருக்கிறார்கள், நாளைக்குள் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். ஒரு வாரமாக அவன் அதையே கேட்டுக்கொண்டிருந்தான். "நீ என்ன சொல்ற?" "உங்க இஷ்டம்." "என் இஷ்டம் இருக்கட்டும், நீ சொல்லு." "எனக்கென்ன, நான் இருந்துப்பேன்." இதுதான் ஒரு வாரமும் நடந்த பேச்சு. கல்யாணமான புதிதில் ஜன்னலுக்குத் திரைச்சீலை வாங்கப்போனபோதும் இதே கதைதான். உன் இஷ்டம், உங்க இஷ்டம் என்று கடைக்காரனைப் படுத்தியெடுத்துவிட்டு, கடைசியில் இரண்டு பேருக்குமே பிடிக்காத ஒரு பழுப்பு நிறத்தை வாங்கி வந்தார்கள். ஐந்து வருஷமாக அதுதான் தொங்குகிறது. வாயைத் திறந்து சொல்வதற்கு அப்படி என்ன கேடோ இரண்டு பேருக்கும்!

அவளுக்கு ஆசை இல்லாமல் இல்லை. அவன் ஊரில் இருந்தவரை அவள் வரையும்போது பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு எதையாவது படிப்பான், நகத்தைக் கடிப்பான், "இந்த வீட்டுல பாத்ரூம் எங்க?" என்று திரையைப் பார்த்துக் கேட்பான். தொல்லையாகத்தான் இருந்தது. இப்போது அந்தத் தொல்லைக்குத்தான் ஏங்குகிறாள். மதியம் ஷிப்ட் முடிந்து அவன் கூப்பிடும்போது போனைப் பென்சில் டப்பாவில் சாய்த்துவைப்பாள். தீப்பெட்டியளவு முகம். அவள் முழங்கை பட்டால் குப்புற விழும். "ஐயோ, மறுபடி விழுந்துட்டேன்" என்று மேஜைக்கு அடியிலிருந்து குரல் வரும். ஒரு ஆள் பக்கத்தில் இருந்தால் எந்த உயரத்தில் தெரிவானோ அந்த உயரத்தில், அந்த அளவில் அவன் தெரியவேண்டும். மூன்றாவது மானிட்டர் அதற்குத்தான். இதை அவனிடம் சொல்லவில்லை. வேலை கூடிவிட்டது என்றாள். "பட்ஜெட்ல பாத்தா ரெண்டே போதுமே, மூணு எதுக்கு?" என்று அவன் அக்கறையாக வாதாடினான், மானிட்டர்களை மாட்டுகிற கிராபிக்ஸ் கார்டு நாலின் படமும் அனுப்பினான். நாலுமே அவள் கேபினெட்டுக்குள் நுழையாது.

டாக்டர் அலமாரியைத் துழாவி உயரம் குறைந்த பழைய கார்டு ஒன்றை எடுத்தார். தூசியை ஊதினார், சொருகினார், பின்பக்கம் இருந்த மூன்று வாசலிலும் மூன்று மானிட்டரை மாட்டினார். ஒன்று எரிந்தது. இரண்டாவதும் எரிந்தது. மூன்றாவது கருப்பாகவே நின்றது. கேபிளை மாற்றிப் பார்த்தார். இப்போது மூன்றாவது எரிந்து முதலாவது அணைந்தது.

"அதான் பாத்தேன். வாசல் மூணு இருக்கு, ஆனா ஒரே நேரத்துல ரெண்டு பேரைத்தான் உள்ள விடும். இன்னொண்ணுக்குத் தனியா ஒரு கன்வெர்ட்டர் வேணும், அது கைவசம் இல்ல. புதுக் கார்டுன்னா உங்க பவர் சப்ளை தாங்காது, அதையும் மாத்தணும். பட்ஜெட் எகிறிடும்" என்றவர், கொஞ்சம் யோசித்து, "மூணுலயும் என்னென்ன ஓடும்? மொதல்ல அதச் சொல்லுங்க" என்றார்.

"ஒண்ணுல பிளான். ஒண்ணுல இன்ஜினியர் அனுப்புற அளவுங்க." அவள் மறுபடி மவுஸ்களைப் பார்த்தாள். "இன்னொண்ணுல எங்க வீட்டுக்காரர்."

டாக்டர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"பேசிட்டே இருக்கணும்னு இல்லைங்க. பக்கத்துல தெரிஞ்சா போதும்."

"அட, ஒரு முகத்துக்கா இவ்வளவு பாடு! முகத்துக்குக் கார்டே வேண்டாங்க்கா. உங்க மதர்போர்டுலயே ஒரு வாசல் இருக்கு. கார்டு வந்ததும் அது தூங்கிடும். செட்டிங்ஸ்ல போயி எழுப்பிவிட்டா வேலை முடிஞ்சுது. படம் வரையற ரெண்டும் கார்டுல இருக்கட்டும், அவர் இதுல இருக்கட்டும்." சொன்னபடியே செய்தார். மூன்று திரையும் ஒன்றாக எரிந்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெட்கப்பட்டுக்கொண்டு சிரித்தாள்.

கேமராவோடு அவள் வாங்கிய புது மூன்றாவது மானிட்டரைப் பெட்டியில் போட்டு டேப் ஒட்டிக்கொண்டே டாக்டர் கேட்டார்: "சார் எப்ப வர்றார்?"

"இன்னும் ரெண்டு வருஷம் ஆகும்போல."

"கவலையே படாதீங்க. இதுக்கு மூணு வருஷம் வாரண்டி. அவர் வர்ற வரைக்கும் அசையாது."

நல்ல மனுஷர், நல்லதாகத்தான் சொன்னார். ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு அந்த மூன்று வருஷம் அவள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. கண்ணாடிக்குள் ஒரு முகத்தை வைத்துக்கொண்டு மூன்று வருஷம். அவன் இல்லாமல் இருப்பதற்கு நானே அல்லவா வசதி செய்துகொண்டு போகிறேன், புத்தி கெட்டவள், என்று வழியெல்லாம் தன்னைத் திட்டிக்கொண்டாள். திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றுகூட ஒரு நிறுத்தத்தில் பாதி எழுந்தாள். பின்னால் நின்றவர் "இறங்குறீங்களா இல்லையாம்மா?" என்றதும் உட்கார்ந்துவிட்டாள்.

மதியம் அவன் கூப்பிட்டபோது கம்ப்யூட்டரிலேயே எடுத்தாள். திரை முழுக்க வந்து நின்றான். இவ்வளவு பெரிதாக அவனைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! காதோரம் நரைத்திருந்தது. போனில் இது தெரியவே இல்லை. மூக்கின் இரண்டு பக்கமும் கண்ணாடி அழுத்திய தடம். எப்போதிருந்து கண்ணாடி போடுகிறான்?

"என்ன, இன்னிக்கு என்னை நேரா பாக்குற? போன் எங்க?"

அவள் சொன்னாள். மூன்றாவது மானிட்டர் எதற்கு என்பதையும் சொல்லிவிட்டாள். அவன் நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப்போட்டான். பிறகு, "இது நல்லாருக்கே" என்றான். "பக்கத்துலயே இருக்கற மாதிரி இருக்கு, இல்ல? இப்படியே இருந்தா ரெண்டு வருஷம் போறதே தெரியாது."

"ம்."

"அப்ப கையெழுத்துப் போட்டுடவா? நீ என்ன சொல்ற?"

உங்க இஷ்டம் என்பது நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் இந்த அளவில் அவன் முகம் எதையும் மறைக்கமாட்டேன் என்றது. சிரித்துக்கொண்டுதான் கேட்டான். ஆனால் கட்டைவிரல் நகம் பல்லுக்கு இடையில் போயிருந்தது. அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று பயந்துகொண்டிருந்தான். ஒரு வாரமாக இதே முகத்தோடுதான் கேட்டிருக்கிறான், தீப்பெட்டிக்குள்ளிருந்து.

"வேண்டாம்" என்றாள். "போடாதீங்க. வந்துடுங்க."

"என்ன?"

"எனக்கு நீங்க இல்லாம முடியல. வந்துடுங்க."

அவன் திரையை விட்டுக் கண்ணைத் திருப்பினான். வேலை, சம்பளம், அடுத்து என்ன என்று ஆயிரம் சொல்வான் என்று அவள் காத்திருந்தாள். "சத்தம் சரியா கேக்கல, இன்னொரு தடவ சொல்லு" என்றான். அவன் அறையில் ஓடும் மின்விசிறியின் கிறீச்சுகூட அவளுக்குத் துல்லியமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் இன்னொரு தடவை சொன்னாள்.

அவன் எழுந்து நின்றான். முகம் மேலே போய்விட்டது. மேஜைமேல் காகிதம் புரளும் சத்தம் வந்தது, என்ன செய்கிறான் என்று தெரியவில்லை. திரை முழுவதும் அவன் வெள்ளைச் சட்டைதான் இருந்தது. நடுவில் ஒரு பட்டன், கருப்பு நூலில், கோணலாக, அவனே தைத்தது. அது மூச்சோடு ஏறி இறங்குவதைப் பார்த்தபடி அவள் உட்கார்ந்திருந்தாள்.