திரும்பிப் பார்த்தவர்

காசியம்மாள் வராத சாவுக்கு அந்தப் பக்கத்தில் அவ்வளவாக மரியாதை கிடையாது. வேங்கிக்காலிலிருந்து கீழ்பென்னாத்தூர் வரைக்கும் எந்த வீட்டில் யார் போனாலும், மாலை வாங்க ஆள் போவதற்கு முன்னால் அவளைக் கூப்பிட ஆள் போகும். அவள் வந்து முடியை அவிழ்த்துவிட்டு, தலைமாட்டில் உட்கார்ந்து "நைனா" என்று ஒரு இழுப்பு இழுத்தால் போதும், சொத்துத் தகராறில் விறைத்துக்கொண்டு நின்ற மருமகன்கூட மூக்கைச் சிந்திவிடுவான்.

தொண்ணூற்றேழாம் வருஷம் மார்கழியில் அப்படியொரு சாவில்தான், செங்கம் ரோட்டோரம் நின்று அந்த ஜப்பான்காரர் அவள் ஒப்பாரியை முழுசாகக் கேட்டார். பெயர் கென்ஜி. கஸ்தூரியின் மாடி ரூமில் ஒரு டிரம்பெட்டோடு மூன்று மாசமாகக் குடியிருப்பவர். கஸ்தூரி வெளிநாட்டுக்காரர்களுக்கு ரூம் விட்டு விட்டே இங்கிலீஷ் பழகியவள். மறுநாளே காசியம்மாளை வரவழைத்துவிட்டாள்.

"இவரு ஒரு ரிக்கார்டு போடறாரு காசி. ராக்கு, ஜாஸு, அவங்க ஊரு திருவிழாப் பாட்டு, பழைய சினிமாப் பாட்டு, அல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு கலக்கறாங்க. எட்டு பாட்டு முடிஞ்சிச்சாம். ஒம்போதாவதுக்கு நீ வேணுமாம்."

"கூட்டாஞ்சோறா? சரி, யாரு செத்தது?"

"யாரும் சாவலடி. சும்மா பாடணும்."

"சும்மா பாடறதுக்கு அது என்னா தாலாட்டா? பொணம் இல்லாம ஒப்பாரி வச்சா, வச்ச வூடு வெளங்குமா? ஆளு வேணும், மொற வேணும். இல்லன்னா எனக்கு வாயே வராது."

கஸ்தூரி இதை இங்கிலீஷில் சொன்னாள். கென்ஜி டிரம்பெட்டின் வாயைத் துணியால் துடைத்தார். பிறகு, "என் அப்பா," என்றார்.

அது போதும் காசியம்மாளுக்கு. நைனா முறை. வீட்டுக்குள் ஆகாது என்று ஏரிக்கரைக்கு இருவரையும் நடத்திக்கொண்டு போனாள். வழியெல்லாம் கேள்விதான். என்ன உடுத்துவார்? வெள்ளைக் கோட்டு. என்ன தொழில்? கடலோர ஊர் ஒன்றில், சாராயக் கடைகளில் மைக் பிடித்துப் பழைய காதல் பாட்டு பாடுவார். என்ன பிடிக்கும்? சுட்ட மீன். மகன் வாசிப்பது பிடிக்குமா? அதற்கு மட்டும் கென்ஜி நடையை எட்டிப் போட்டார்.

சாயங்காலம் நாலு மணி இருக்கும். ஏரிக்கு அப்பால் மலையின் பாதியை மேகம் விழுங்கியிருந்தது. கென்ஜி பதிவு செய்ய டேப்பை ஓடவிட்டார்.

"வெள்ளக் கோட்டு போட்டவரே, என்னப் பெத்த நைனாவே,
கடலோரம் போனவரே, காலடியும் காணலியே..."

டிரம்பெட் மெல்ல வந்து சேர்ந்துகொண்டது. காசியம்மாள் கண்ணை மூடினாள். எப்போதும் அப்படித்தான்: கண்ணை மூடினால் செத்தவர் முன்னால் நடந்து போவார், முதுகு மட்டும் தெரியும். அவள் பாடிக்கொண்டே பின்னால் போவாள். எல்லை வந்ததும் அவரை விட்டுவிட்டுத் திரும்பிவிடுவாள்.

இன்றைக்கு ஏரி கரைந்து போயிற்று. அவள் பார்த்தேயிராத கடல், காற்றடித்த நெல்வயல் மாதிரி அசைந்தது. வரிசையாகச் சிவப்பு விளக்குகள், மீன் சுடும் வாசனை. மணலில் கால் பாவவில்லை. டிரம்பெட் சத்தம் பனி மாதிரி முன்னால் போக, அதற்குள் வெள்ளைக் கோட்டு மங்கலாகப் போய்க்கொண்டிருந்தது. கோட்டு நின்றது. கிழவர் திரும்பினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, அவளை நன்றாகப் பார்த்தார்.

இத்தனை வருஷத்தில் ஒருவர் திரும்பியதில்லை.

பாட்டு அறுந்தது. "கஸ்தூரி, கேளு அவர! அப்பன் பொணத்த எப்ப எடுத்தாங்க?"

கென்ஜி வாத்தியத்தைக் கீழே வைத்தார். எடுக்கவில்லை. ராக் வாசிக்கப் போகிறேன் என்றதும் சண்டை. ஒன்பது வருஷமாகப் பேச்சில்லை. தன்னைப் பொறுத்தவரை அவர் செத்தவர்தானே?

"அடப்பாவி மனுஷா! உசுரோட கீறவரையா நான் பாதி தூரம் இட்டுக்கினு போனேன்?" காசியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். "நட, சொல்றேன். அவரு கொரல நான் கேக்கணும். கேட்டாத்தான் எனக்கு சோறு எறங்கும்."

ரோட்டோர டெலிபோன் பூத்தில் கென்ஜி நம்பரை மனப்பாடமாக அழுத்தினார். மணி அடித்தது. அடித்துக்கொண்டேயிருந்தது. காசியம்மாள் பூத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு, "எடு நைனா, எடு," என்று முனகினாள்.

யாரோ எடுத்தார்கள். கென்ஜி சட்டென்று கீழே வைக்கப் போனார். அவள் ரிசீவரைப் பிடுங்கினாள். "நைனா! சாப்ட்டியா?"

அந்தப் பக்கம் இருமல். பிறகு பாடிப் பாடித் தேய்ந்த ஒரு கிழட்டுக் குரல் என்னவோ கேட்டது.

"கீறாரு," என்றாள். ரிசீவரை மகன் காதில் வைத்து அழுத்தினாள். "பேசு."

அவள் வெளியே வந்ததும் கஸ்தூரி கேட்டாள்: "அப்ப அந்தப் பாட்டு?"

"அத அழிக்கச் சொல்லு. நைனா நல்ல வயசாயி போகும்போது சொல்லி அனுப்பட்டும். முழுசாப் பாடறேன். இப்போதிக்கு எட்டு பாட்டே ஜாஸ்தி."

பூத்துக் கண்ணாடிக்குள் கென்ஜி பள்ளிக்கூடப் பையன் மாதிரி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். கண் நிறைந்திருந்தது.

"அப்பன் திட்டறாரு போலடி," என்றாள் கஸ்தூரி.

"திட்டட்டும்," என்றாள் காசியம்மாள். "நல்லா திட்டட்டும்."