தேதிக் கட்டுக்கு ஓர் இடம்

பெரியப்பா சுந்தர்ராஜுக்குப் போடியில் ஏலக்காய்க் கடை. அவர் கடைக் காலண்டரில் வருடா வருடம் பனிமலைதான். சிவகாசி அச்சகத்தின் ஆல்பத்தைப் புரட்டி, எது வெள்ளையாகத் தெரிகிறதோ அதில் விரல் வைப்பார். இந்த முறை நம் மலையைப் போடலாம், நானே படம் எடுக்கிறேன் என்று சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டுவிட்டது.

"நாளைச் சாயங்காலம் அச்சகத்துக்காரர் வர்றாரு மகிமா. அதுக்குள்ள படத்தைக் காட்டு. பிடிக்கலைன்னா பனிமலைதான்."

நான் பி.எஸ்ஸி. இயற்பியல். மலையிடம் 'கொஞ்சம் சிரிங்க' என்று சொல்ல வேண்டியதில்லை என்பதால்தான் இயற்கைப் படங்கள் எடுக்க வந்தேன். ஆனால் வைட் லென்ஸ் அப்படி ஒதுங்கி நிற்க விடாது. எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டு, மலையைக் கரையான் புற்றளவுக்குச் சுருக்கிவிடும். காலடியில் ஏதாவது பெரிதாக இருந்தால்தான் கண் படத்துக்குள் நடந்து போகும். அந்த ஏதாவது பெரும்பாலும் யாருடைய நிலத்திலாவது இருக்கும்.

விடிந்ததும் பெரியப்பா மகன் கார்த்திக்ராஜ் அண்ணன் பைக்கில் காமயகவுண்டன்பட்டிக்குப் போனோம். இரண்டாம் போக நடவு. சூரியன் இன்னும் கிழக்கு மலையைத் தாண்டவில்லை. மேற்கு மலையின் உச்சியில் மட்டும் வெயில். நிழலில் கிடந்த வயல் தண்ணீரில் அந்த மலை தலைகீழாக நின்றது. வெயில் வயலில் இறங்கிவிட்டால் வெறும் கண்கூச்சம்தான் மிஞ்சும்.

ரோட்டிலிருந்தே ஒன்று எடுத்தேன். பழக்கத்தில், வான நீலத்தை அழுத்திக் காட்டும் போலரைசர் பில்டரை மாட்டியிருந்தேன். வானம் நடுவில் வெளுத்து, இரண்டு ஓரங்களிலும் கறுத்தது. சூரியனிலிருந்து விலகும் கோணத்துக்குத் தக்க அது வேலை செய்யும். இவ்வளவு அகலமான வானத்தில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி செய்யாது. பளபளப்பையும் தின்றுவிட்டதால் தண்ணீர் சேறாகத் தெரிந்தது. கழற்றிப் பையில் போட்டேன். இறங்கித்தான் ஆக வேண்டும்.

வரப்பில் கேமரா முக்காலியை விரித்ததும் நடவுப் பெண்கள் நிமிர்ந்தார்கள். முன்னால் நின்றவர் கேட்டார்:

"ஏத்தா, யாரு மக நீ? நிலத்தை அளக்குறியா? ரோடு போடப் போறாகளா?"

"இல்லைங்க. போட்டோ."

"எங்களையா?"

"மலையை."

"மலை அங்கன இருக்கு. இங்கன வந்து சேத்தை மிதிக்கிற!"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் ரோட்டிலிருந்து கத்தினான்: "அவ பேச மாட்டாக்கா. எழுதிக் காட்டுவா!"

கிழக்கே மலை விளிம்பு பளிச்சிடத் தொடங்கியிருந்தது.

"மலை இங்கனயும் இருக்குக்கா," என்றேன். "தண்ணிக்குள்ள. நீங்க நடந்தா உடையுது. கொஞ்ச நேரம் அசையாம நிக்கிறீங்களா?"

அவர் காலடியைப் பார்த்தார். பிறகு என்னை.

"எதுக்கு இந்தப் படம்?"

"கடைக் காலண்டருக்கு."

"எங்களுக்கும் ஒண்ணு உண்டா?"

"உண்டு," என்றேன். பெரியப்பா இன்னும் சரி சொல்லவில்லை.

"ஏ ஜோதிலட்சுமி, காலை ஊனு! புள்ள மலையைப் பிடிக்குது!"

"குனிஞ்சா, நிமிந்தா, மாயக்காள் அக்கா?"

"இருக்கிற வாக்குல இருடி!"

அலை மெல்ல அடங்கியது. காலண்டர் அட்டை நெட்டுவாக்கு என்பதால் கேமராவை நிமிர்த்தி, தண்ணீரை ஒட்டித் தாழ்த்தினேன். இடது மூலையில் கட்டிப் போட்ட ஒரு நாற்று முடி. அதன் கீழே இருட்டாக வரப்பு. மலையின் பிரகாசத்தை அடக்க, மேல்பாதி மட்டும் கறுத்த பில்டர் இரண்டு இருந்தன. தண்ணீரில் தெரியும் மலை அசலைவிட ஒரு மாற்றுக் குறைவாகத்தான் இருக்கும். அழுத்தமான பில்டரைப் போட்டால் பிம்பம் அசலை மிஞ்சி, பொய் என்று தெரிந்துவிடும். இளசானதைச் செருகினேன். வானத்தைத் தாராளமாக விட்டேன். எடுத்தேன்.

சாயங்காலம் கடையில் பெரியப்பா லேப்டாப்புக்குள் குனிந்தார். பக்கத்தில் அச்சகத்துக்காரர்.

"எந்த ஊரு இது?"

"காமயகவுண்டன்பட்டி."

"நல்லாத்தான் இருக்கு. தேதிக் கட்டை எங்கன ஒட்டுறது? நாத்து மேலயா?"

"கட்டு கீழதான் வரும் முதலாளி," என்றார் அச்சகத்துக்காரர். "பனிமலைன்னா கீழ வெறும் பனி. தொந்தரவு இல்ல."

"மேல ஒட்டுங்க," என்றேன். "வானத்தை அதுக்குத்தான் விட்டிருக்கேன்."

"கடைப் பேரு?"

"வரப்புல. இருட்டு மேல வெள்ளை எழுத்து."

"யாரும் இப்படி ஒட்ட மாட்டாக," என்றார் அச்சகத்துக்காரர்.

பெரியப்பா சுவரிலிருந்து இந்த வருடக் காலண்டரைக் கழற்றினார். மெலிந்துபோயிருந்த தேதிக் கட்டைப் பிய்த்துத் திரையின் அடியில் வைத்தார். தண்ணீரும் நாற்றும் மறைந்து, மொட்டை மலை. கட்டை மேலே வானத்துக்கு நகர்த்தினார். கையை எடுக்காமலே சொன்னார்:

"இப்படியே அடிங்க."

"பெரியப்பா, நடவு நட்ட மாயக்காள் அக்கா ஆளுகளுக்கும் சேர்த்து அடிக்கணும். வாக்குக் குடுத்திருக்கேன்."

அச்சகத்துக்காரர் நிமிர்ந்து பார்த்தார். வெளியே பைக்கில் சாய்ந்திருந்த அண்ணன் அங்கிருந்தே சொன்னான்:

"அந்த ஜோதிலட்சுமிக்கு ரெண்டாக் குடுங்கப்பா. குனிஞ்ச வாக்குலயே நின்னுச்சு, பாவம்."