துண்டை விட்ட கை

...அக்கா விழுந்தால் குறிப்பதற்கென்றே அந்த நோட்டில் ஒரு கட்டம் இருக்கிறது, ஒவ்வொரு நாளுக்கும் கடைசிக் கட்டம், ஏழு வாரமாக அதில் சைபர் போட்டுவந்த நிர்மலா போன வியாழக்கிழமைக்கும் சைபர்தான் போட்டாள், அந்த ஒன்று மட்டும் மற்றவற்றைவிடப் பெரிதாக விழுந்துவிட்டது, பார்க்கிறவர்களுக்குத் தெரியுமோ, அழித்து எழுதினால் இன்னும் தெரியும், இப்போது மணி பத்தரை, பதினோரு மணிக்கு யுவராணி வந்துவிடும். திங்கட்கிழமை தவறாமல் தருமபுரி ஆஸ்பத்திரியிலிருந்து இண்டூருக்கு ஸ்கூட்டியில் வருகிற பெண், முதலில் நோட்டைப் பார்க்கும், பிறகு அக்காவின் பக்கம் திரும்பி இந்த வாரம் எங்கயாச்சும் விழுந்தீங்களாம்மா என்று கேட்கும், அக்கா வாயைத் திறந்தால் முடிந்தது. இடது கையையும் இடது காலையும் வாங்கிக்கொண்ட தெய்வம் நாக்கை மட்டும் எதற்கு விட்டுவைத்தது என்று நிர்மலா மாரியம்மனிடம் ஒருநாள் கேட்டாள், கேட்ட வாய்க்காகக் கன்னத்திலும் போட்டுக்கொண்டாள், ஆனால் கேட்டதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

"என்னாடி, நின்னுக்கிட்டே தூங்கறியா, துண்டக் கட்டு" என்றாள் காசியம்மாள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தபடி. அந்த அக்கா இவள்தான், நிர்மலாவின் கணவன் மாதுவுக்கு அண்ணி, முப்பது வருடமாக ஒரே வாசலில் புழங்கும் ஓரகத்தி, அவள் புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார், ஒரே மகள் பிரியதர்ஷினி ஓசூரில் குடும்பமும் வேலையுமாக இருக்கிறாள், மாது விடிவதற்கு முன்பே தக்காளி ஏற்ற ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான், ஆக மிச்சம் யார். நிர்மலா நீளத் துண்டை அக்காவின் இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து முதுகுப் பக்கம் முடிந்தாள், முடிச்சுக்குக் கீழே தொங்கும் முனையைக் கையில் சுற்றிக்கொண்டு பின்னால் நின்றாள், இப்படித்தான் நிற்கவேண்டும் என்று முதல் நாளே ஆஸ்பத்திரிக்காரர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். விழப் போறாங்கன்னா மட்டும் இழுத்துப் பிடிங்க, அதுக்கு முன்னாடி தாங்காதீங்க, நீங்க தாங்கிட்டா அவங்க மூளை நிக்கக் கத்துக்காது. ஊசி இல்லை, மாத்திரை இல்லை, வீட்டிலிருக்கும் ஒருவர் தினமும் பின்னால் நின்று பழக்கினால் வாதம் அடித்தவர் எவ்வளவு தூரம் தேறுவார் என்று பன்னிரண்டு வாரம் பார்ப்பதுதான் ஆராய்ச்சியாம், சுற்றுப்பட்டு ஊர்களில் நாற்பது வீட்டில் இதே நோட்டு, இதே துண்டு. அப்படியானால் அளப்பது அக்காவையா, என்னையா. அக்கா தேறாவிட்டால் அவள் கால் சரியில்லை என்றா எழுதுவார்கள், பின்னால் நின்றவள் சரியில்லை என்றல்லவா எழுதுவார்கள்.

தரையில் சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறது, கட்டிலிலிருந்து கதவுவரை மூன்று மீட்டர். அக்கா எழுந்தாள், வலது காலை வைத்தாள், இடது காலை இடுப்போடு வீசி இழுத்தாள், அந்தப் பாதம் ஒவ்வொரு முறையும் சிமெண்டில் உரசுகிற சத்தம் இருக்கிறதே, அடுப்படியில் இருந்தாலும் காதில் கேட்கிறது, ராத்திரி படுத்தாலும் கேட்கிறது. ஒன்று, இரண்டு... முதுகைப் பார்த்துக்கொண்டே நடப்பது ஒருவிதத்தில் நல்லதுதான், முகத்தைப் பார்க்கவேண்டாம். இந்த முதுகுதான் அன்றைக்கும் திரும்பி நின்றது, பிரியதர்ஷினிக்கு மஞ்சள் நீர் ஊற்றிய அன்றைக்கு, இருபது வருடம் இருக்குமா. அந்தப் பிள்ளைக்குத் தலை வாரியது யார், களியை உருட்டி உருட்டி வாயில் போட்டது யார், சித்தி சித்தி என்று என் சேலையைப் பிடித்துக்கொண்டேதானே வளர்ந்தது, வரிசைத் தட்டை நானும் ஒரு கை பிடிக்கலாம் என்று போனேன், நீ தள்ளி நில்லு, பெத்தவளுங்க தூக்கட்டும் என்றாள், மெதுவாகச் சொல்லியிருக்கலாம், பந்தல் முழுக்கக் கேட்கச் சொன்னாள், சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு எந்தத் தட்டுக்குப் பக்கத்திலும் நான் போனதில்லை. இன்றைக்குக் கக்கூசுக்குப் போக இந்தக் கைதான் வேண்டியிருக்கிறது.

நாலு, ஐந்து... கதவருகே திரும்பவேண்டும், திரும்புகிற இடம்தான் கஷ்டம் என்று யுவராணியும் சொல்லியிருக்கிறது, வியாழக்கிழமையும் இதே இடம்தான். அன்றைக்கு அக்கா லேசாகச் சாய்ந்தாள், நிர்மலா பிடித்தாள், கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான், அதற்கு அக்கா சொன்னாள், உங்கையில ஏது தெம்பு, ஒண்ணத் தூக்கி வளத்திருந்தா இல்ல இருக்கும். சொல்லி முடித்ததும் கை விட்டுவிட்டது. நழுவியது என்று நாலு நாளாகச் சொல்லிப் பார்க்கிறாள், மனசு ஒப்புக்கொள்ளவில்லை. நழுவவில்லை, விட்டாய், விரலைத் திறந்தாய். அக்கா பக்கவாட்டில் சரிந்து அரிசி மூட்டையில் மோதித் தரையில் உட்கார்ந்தாள், முழங்கைத் தோல் உரிந்தது, அதைவிட மோசம், நிர்மலா உடனே குனியவில்லை, மூன்று எண்ணும் நேரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், அந்த மூன்றை எந்தக் கட்டத்தில் எழுதுவது. அக்கா கத்தவில்லை. தூக்கி உட்காரவைத்து எண்ணெய் தடவியபோதும் ஒரு வார்த்தை இல்லை, சாயங்காலம் மாதுவிடம் சொல்லவில்லை, போனில் மகளிடமும் சொல்லவில்லை, ஊருக்கே கேட்கப் பேசுகிறவள் இந்த ஒன்றை மட்டும் ஏன் வாய்க்குள் வைத்திருக்கிறாள், ஆள் வரட்டும் என்று காத்திருக்கிறாளா. பிரியதர்ஷினிக்குத் தெரிந்தால்... சித்தி இருக்கறதால நான் நிம்மதியா இருக்கறன் என்று ஞாயிற்றுக்கிழமைகூடச் சொன்னாளே. அம்மாவை ஓசூரில் ஏதாவது ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுவாள், அது போகட்டும், அதற்குப் பிறகு என்னைச் சித்தி என்று கூப்பிடுவாளா, உலகத்தில் என்னை உறவு சொல்லிக் கூப்பிடுகிற பிள்ளை அவள் ஒருத்திதானே.

அக்காவைத் திருப்பிக் கொண்டுவந்து கட்டிலில் உட்காரவைக்கும்போது ஸ்கூட்டி சத்தம். யுவராணி உள்ளே வந்து செருப்பைக் கழற்றி, தண்ணீர் வாங்கிக் குடித்து, "நல்லா இருக்கீங்களாம்மா" என்று அக்காவைக் கேட்டுவிட்டு இந்தப் பக்கம் திரும்பி, "உங்க முதுகுவலி எப்பிடிங்கக்கா இருக்குது, நான் சொன்ன மாதிரி சுடுதண்ணி ஒத்தடம் குடுத்தீங்களா" என்றது. இதுதான், இந்தக் கேள்விதான் நிர்மலாவைக் கொல்கிறது. ஏழு வாரத்தில் இந்த வீட்டுக்கு எத்தனை பேர் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்துபோனார்கள், பின்னால் நிற்கிறவளுக்கும் ஒரு முதுகு இருக்கிறது என்று கேட்டது இந்தப் பெண் மட்டும்தான், எழுதிவைக்கக்கூட இல்லை, சும்மா கேட்டது. அதன் கையில் அந்தப் பெரிய சைபரைக் கொடுக்கவேண்டும். அது நோட்டைப் புரட்டியது. காசியம்மாள் சேலைத் தலைப்பை இழுத்து முழங்கைமேல் போட்டுக்கொண்டதை நிர்மலா பார்த்தாள். காற்றா அடிக்கிறது, எதற்கு மூடுகிறாள்...

"இந்த வாரம் எங்கயாச்சும் விழுந்தீங்களாம்மா?"

"இல்ல" என்றாள் காசியம்மாள்.

தப்பித்துவிட்டோம் என்று தோன்றவேண்டிய இடம். தோன்றவில்லை. கோபம்தான் வந்தது, இவள் யார் எனக்குப் பிச்சை போட, வாழ்நாளெல்லாம் கொடுக்காததைப் பொய்யாகக் கொடுக்கிறாளா, இனிமேல் ஒவ்வொரு வேளைக் களியிலும் இதைத் தொட்டுக்கொண்டு தின்னவேண்டுமா. அந்தப் பெண் பேனாவை மூடப்போனது, நாற்பது வீட்டு நோட்டும் ஒன்றாகச் சேரும், அதில் இந்த சைபரும் போய் உட்காரும், எங்கோ ஒரு ஊரில் எவளோ ஒருத்தி துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு, இது ஆபத்தில்லாத வேலை என்று நம்பி நிற்பாள். "உழுந்தாங்கம்மா" என்றாள் நிர்மலா. "வியாழக்கிழமை. திரும்பற எடத்துல. நான்தான் துண்ட உட்டுட்டன்."

"அவ பொய் சொல்றா" என்றாள் காசியம்மாள்.

"நான் ஏனுங்கக்கா பொய் சொல்லப் போறன், நான் உட்டன், நீங்க உழுந்தீங்க."

"நீ உட்டியா? ஒரு கொடத்த எறக்கி வெக்கறதுக்கே நாலு தடவ யோசிக்கறவ. நான்தான்டி ஒதறிக்கிட்டுப் போனன். தனியாத் திரும்பிப் பாக்கலாம்னு. உன்னப் புடிச்சிக்கிட்டே எத்தன நாளைக்கித் திரும்பறது, எங்கிட்ட பேச்சு வாங்கிக்கிட்டே எத்தன நாளைக்கி நிப்ப." பிறகு யுவராணியிடம், "இவ பேச்ச எழுதிக்காத கண்ணு. எல்லாத்தயும் தந்தலையில போட்டுக்கறது இவளுக்கு ஒரு நோவு."

யுவராணி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. சிரிப்பு வந்ததுபோல இருந்தது, சிரிக்கவில்லை. சைபரை அடித்துவிட்டு ஒன்று போட்டது, பக்கத்தில் எங்கே என்று கேட்கிற இடத்தில் திரும்பும்போது என்று எழுதியது, எதனால் என்று கேட்கிற இடத்தில் பேனாவைக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு எழுதாமலே எடுத்துவிட்டது. "அந்தக் கையக் காட்டுங்கம்மா" என்று தலைப்பை விலக்கிப் பார்த்தது, இடுப்பை அழுத்திப் பார்த்தது, நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்து ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடலாம், அதுவரை நடை வேண்டாம் என்றது. "சும்மா நின்னு மட்டும் காட்டுங்க, பத்து எண்ணறன். நிர்மலாக்கா, நீங்க பின்னாடி வாங்க."

நிர்மலா முனையைக் கையில் சுற்றினாள். உதறினாளாம். தெய்வமே, உதறினாளா, இல்லை எனக்காகச் சொல்கிறாளா, எனக்காகச் சொல்கிறவளா இவள், நான் போய்விட்டால் பின்னால் நிற்க ஆளில்லை என்று சொல்கிறாளா... ஒன்று, இரண்டு என்று அந்தப் பெண் எண்ணியது. வியாழக்கிழமை ராத்திரி அரிசி களையும்போது வலது உள்ளங்கை எரிந்தது, இப்போதுதான் நினைவு வருகிறது, துணி இழுபட்டுத் தேய்த்தால் எரிகிறமாதிரி எரிந்தது, செய்த பாவத்துக்கு எரிகிறது என்று நினைத்துக் கையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்திருந்தாள். விரலைத் திறந்துவிட்ட கையைத் துணி எப்படித் தேய்க்கும். அப்படியானால் கடைசிவரை பிடித்துக்கொண்டுதான் இருந்தேனா, அவள் உருவிக்கொண்டு போனாளா. அதற்குப் பிறகு நின்றேனே அந்த மூன்று, அது நான்தான், அதில் சந்தேகமில்லை, ஆனால் அதற்கு முன்பு... ஆறு, ஏழு. "செத்த கெட்டியாப் புடிடி" என்றாள் காசியம்மாள் திரும்பாமல். நிர்மலா துண்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். பாத்திரம் தேய்த்துத் தேய்த்துக் காய்த்த கை, நாலு நாளாகிவிட்டது, எது அந்தத் துண்டு போட்ட கோடு, எது முன்பே இருந்தது என்று தெரியவில்லை.