கரி பஸ்ஸுக்கு இரண்டு ஆள்

குட்டை பஸ்ஸை வாங்கியபோது அது நன்றாக ஓடிக்கொண்டிருந்தது என்று விஸ்வலிங்கம் சொல்வார். வாங்கிய பிறகு அது ஓடவே இல்லை என்று அவர் மனைவி ஞானாம்பிகை சொல்வாள். இரண்டும் உண்மைதான். ஜப்பான்காரன் பினாங்கில் குண்டு போட்ட கையோடு ஊரைவிட்டு ஓடிய ஒரு முதலாளி, பன்னிரண்டு பேர் நெருக்கியடித்து உட்காரக்கூடிய அந்த வண்டியை விஸ்வலிங்கத்தின் தலையில் கட்டிவிட்டுப் போனான். துறைமுகத்தில் கிராணியாக இருந்த மனிதர், பேனா பிடித்த கை சும்மா இருக்கிறதே என்று வாங்கிப் போட்டார். அடுத்தாற்போலவே பெட்ரோல் எல்லாம் பட்டாளத்துக்கு என்று உத்தரவு வந்தது. அதன்பின் பஸ் வீட்டுக்குப் பின்னால் நின்றது. கோழிகள் ஏறி முட்டையிட்டன. அந்த வண்டியால் வீட்டுக்கு வந்த வரும்படி அந்த முட்டைகள்தான்.

அந்த பஸ் இப்போது ஓடியே ஆக வேண்டும். ஜப்பான்காரன் போடும் சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்கிற பட்டியலில் விஸ்வலிங்கத்தின் பெயர் வந்துவிட்டது. போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வந்து யாரும் பார்க்கவில்லை. இவருக்கோ சின்ன வயதிலிருந்தே இழுப்பு. மழைக்காற்று பட்டாலே நெஞ்சு விசிலடிக்கும். அதைச் சொல்லிப் பார்த்தார்கள். ஆள் எடுக்கும் முகாமில் நெஞ்சைப் பார்க்கவில்லை, கை கால் இருக்கிறதா என்றுதான் பார்த்தார்கள். ஓடி ஒளியவும் வழியில்லை. ஓடியவனுக்குப் பதிலாக அதே தெருவில் இன்னொருவனை எடுத்தார்கள். எதிர்வீட்டுச் சவுந்தரத்தின் கணவன் அப்படித்தான் போனான்.

ஒரே ஒரு இடுக்கு இருந்தது. நிபோங் திபாலிலிருந்து மரவள்ளிக்கிழங்கு ஏற்றிவரக் கரியில் ஓடும் வண்டிகள் வேண்டியிருந்தன. அப்படி ஒரு வண்டிக்கு இரண்டு ஆள்: ஓட்டுகிறவன் ஒருவன், நெருப்பைப் பார்க்கிறவன் ஒருவன். அந்த இரண்டு பேரையும் சயாமுக்கு எடுக்கமாட்டார்கள். ஓட்டுவதற்குச் செபாஸ்டியன் இருந்தான். முன்பு ஆயர் ஈத்தாம் பாதையில் பஸ் ஓட்டியவன். அவன் பெயரும் அதே பட்டியலில் இருந்தது. நெருப்புக்கு விஸ்வலிங்கம். திடலில் சோதனை நாளன்று பஸ் கரியில் ஓடிக்காட்டினால் இரண்டு பேரும் தப்பினார்கள்.

ஒட்டகத்துக்கு எந்தப் பக்கம் கோணல் என்று கேட்ட கதைதான் அந்த வண்டி. செபாஸ்டியன் சுற்றிவந்து பார்த்துவிட்டு நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டான்.

"என்ன லா அண்ணே, இது பஸ்ஸா, கோழிக்கூடா?"

"இரண்டும்தான். முதல்ல கோழியை இறக்குவம்" என்றார் விஸ்வலிங்கம்.

புதிதாக ஒரு திருகாணிகூட வாங்க வக்கில்லை. இருந்ததைக் கொண்டுதான் எல்லாம். கரி எரிகிற உலைக்குச் சூலியா தெருவில் பழைய இரும்பு விற்ற சிக்கந்தரிடம் ஒரு டிரம் கிடைத்தது. பதிலுக்கு அவர் பஸ்ஸின் இருக்கைகளைக் கழற்றிக்கொண்டு போனார். உலையின் அடித்தட்டுக்குச் சமையலறை ஜன்னல் கம்பிகள் போயின. காற்று ஊதும் விசிறி, தொழில் முடங்கிப்போன ஒரு தட்டானின் பட்டறையிலிருந்து வந்தது. கரியிலிருந்து கிளம்பும் புகைதான் பெட்ரோலுக்குப் பதிலாக எஞ்சினுக்குள் போக வேண்டும். அதை வடிகட்டத் தேங்காய்த் தும்பும், விஸ்வலிங்கம் அலுவலகத்துக்குக் கட்டிப்போன வெள்ளை வேட்டிகளும். தேய்ந்த டயருக்குள் லாலாங் புல்லைத் திணித்தார்கள். எஞ்சினுக்குத் தேங்காயெண்ணெய். வண்டி சூடேறியதும் பலகாரக் கடை வாசம் வந்தது. சோற்றைக் கண்ணால் காணாத நாளில் அது ஒரு கொடுமை.

ஞானாம்பிகையும் சேர்த்து மூன்று பேருமே களைத்துப் போயிருந்தார்கள். மரவள்ளிக்கிழங்கைத் தின்றுவிட்டு இரும்பைத் தூக்கினால் உடம்பு எத்தனை நாளைக்குத் தாங்கும்? ஒரு குழாயைப் பொருத்திவிட்டுக் கொஞ்ச நேரம் தரையில் படுத்துக்கிடப்பார்கள். பிறகு அடுத்த குழாய். யாரும் யாரையும் அவசரப்படுத்தவில்லை, கோபிக்கவும் இல்லை. கோபிக்கவும் தெம்பு வேண்டும் அல்லவா.

எல்லாம் பொருத்திய பிறகு நெருப்பு பிடிக்கமாட்டேன் என்றது. விஸ்வலிங்கம் படம் வரைந்து, கணக்குப் போட்டு, சரியாகத்தான் கட்டியிருந்தார். ஆனால் அந்த மனிதர் ஐம்பது வயதுவரைக்கும் ஓர் அடுப்பைப் பற்றவைத்ததில்லை. தாய் வைத்தாள், தமக்கை வைத்தாள், பிறகு பெண்சாதி வைத்தாள். அவர் குனிந்து ஊத, டிரம் அவர் முகத்திலேயே திருப்பி ஊதியது. இழுப்பு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஞானாம்பிகை கொடியில் போட்டுக்கொண்டிருந்த துணியை அப்படியே விட்டுவிட்டு வந்தாள்.

"தள்ளி நில்லுங்கோ. இந்தப் புகை உங்கட நெஞ்சுக்குக் கூடாது."

கரியைக் கொட்டிக் கொட்டைப்பாக்கு அளவுக்கு உடைத்தாள். தூளைச் சுளகில் புடைத்து நீக்கினாள், மிச்சத்தை வெயிலில் காயவைத்தாள். அடியில் சிரட்டைத் தணல் போட்டு, மேலே கரியைப் பொலபொலவென்று பரப்பி, விசிறியை முதலில் மெதுவாகச் சுற்றினாள். கரி சடசடப்பது நின்று உள்ளே ஒரு இரைச்சல் கேட்ட பிறகுதான் வேகம். புகை வெளிவரும் ஓட்டையில் நெருப்புக் குச்சியைக் காட்டியதும் நீலச் சுடர் நின்றது. செபாஸ்டியன் முன்னால் ஓடிப்போய்க் கைப்பிடியைச் சுற்றினான். எஞ்சின் இருமியது, தும்மியது, பிறகு பிடித்துக்கொண்டது. ஞானாம்பிகைக்கு அழுகை வந்தது. புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தாள்.

அன்றிலிருந்து நெருப்பு அவளுடையதாகிவிட்டது. பார்த்துப் பழக வேண்டும் என்று விஸ்வலிங்கத்துக்கு எண்ணம் இருந்தது.

"இஞ்சேரும், எனக்கும் ஒருக்காக் காட்டித் தாருமன். திடலில நான்தானே செய்யவேணும்."

"பேந்து பாப்பம். இப்ப தள்ளி நில்லுங்கோ, புகை வருது."

ஒவ்வொரு தடவையும் அவர் கேட்டார். ஒவ்வொரு தடவையும் அவள் பேந்து பாப்பம் என்று தள்ளிப்போட்டாள். அவர் இருமுவதைக் கேட்க அவளுக்குப் பொறுக்காது. சயாமிலிருந்து அவரைக் காப்பாற்றுவதற்கு முன்னால் இந்தப் புகையிலிருந்து காப்பாற்ற வேண்டியிருந்தது. கடைசி நாளில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள். அவர் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைபோல எல்லாவற்றையும் மனப்பாடம் பண்ணிக்கொண்டார்.

சோதனை நாளன்று திடலில் கரி வண்டிகள் வரிசையாக நின்றன. கரிச் சாக்கைத் தூக்கிக்கொண்டு ஞானாம்பிகையும் போயிருந்தாள். மரத்தடியில் ஒதுங்கி நின்றாள். ஜப்பானிய அதிகாரி ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துக்கொண்டு வந்தான். கூட ஒருவன் மலாயில் மொழிபெயர்த்தான்.

விஸ்வலிங்கம் அவள் சொன்னதை எல்லாம் சொன்னபடி செய்தார். ஆனால் விசிறியை ஆரம்பத்திலேயே வேகமாகச் சுற்றிவிட்டார். தணல் சாம்பலாகி, புகை பின்பக்கமாக அடித்து, அவருக்கு இழுப்புத் தொடங்கிவிட்டது. மறுபடி பற்றவைத்தார். மறுபடி அணைந்தது. அதிகாரி கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அடுத்த வண்டியைக் கைகாட்டி நடந்தான்.

"அக்கா" என்றான் செபாஸ்டியன், மரத்தடியைப் பார்த்து.

அவள் என்ன செய்திருக்க வேண்டும் என்று பிறகு தெருவில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அங்கே நின்றிருந்தால் தெரியும். பஸ் ஓடாவிட்டால் இரண்டு பேருமே போனார்கள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, புருஷனைத் தோளைப் பிடித்து விலக்கி, "தள்ளி நில்லுங்கோ" என்றாள். கரியை அள்ளி வெளியே போட்டாள், புதுத் தணல் போட்டாள், மெதுவாகச் சுற்றினாள். அதிகாரி திரும்பிவந்து பார்த்தான். நீலச் சுடர் வந்தது. செபாஸ்டியன் ஒரே சுற்றில் எஞ்சினைப் பிடிக்க வைத்து, கோழிக்கூடாக இருந்த பஸ்ஸைத் திடலைச் சுற்றி ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினான்.

அதிகாரிக்குப் பரம திருப்தி. எதையோ சொல்லிச் சிரித்தான். மொழிபெயர்ப்பவன் அவளிடம் வந்தான்.

"சியாப்பா நாமா?"

பெயர் கேட்கிறான் என்று அவளுக்கு விளங்கியது.

"விஸ்வலிங்கம்" என்றாள்.

அவன் சொன்னதைக் கேட்டு அதிகாரி இல்லை என்று தலையாட்டினான். விரலை அவள் பக்கம் நீட்டினான். விஸ்வலிங்கத்தின் பக்கம் அல்ல.

செபாஸ்டியன் மலாயில் கெஞ்சினான். அக்கா சும்மா உதவிக்கு வந்தது, நெருப்புக்காரன் அண்ணன்தான், இன்றைக்கு உடம்பு சரியில்லை என்று எப்படி எப்படியோ சொன்னான். மொழிபெயர்ப்பவன் அதை முழுவதும் சொல்லக்கூட இல்லை. யார் கையில் நெருப்பு பிடித்ததோ அவர்தான் நெருப்பைப் பார்க்கும் ஆள். வண்டிக்கு இரண்டு ஆள், மூன்று இல்லை. அவள் மாட்டேன் என்றால் பெர்மிட்டும் இல்லை. அப்போது ஓட்டுகிறவனும் சயாமுக்கு.

ஞானாம்பிகை செபாஸ்டியனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் வீட்டில் ஐரீனும் கைக்குழந்தையும் இருந்தார்கள். விஸ்வலிங்கம்தான் மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னார்:

"உம்மட பேரைச் சொல்லும். அவனாவது மிஞ்சட்டும்."

அவள் தன் பெயரைச் சொன்னாள்.

அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்டவள் என்று ஒரு பழமொழி சொல்வார்கள். இவள் எந்த அரசனையும் நம்பவில்லை. புருஷனுக்குப் புகை ஆகாது என்று நினைத்தாள், அவ்வளவுதான்.

கிழங்கு ஏற்றுவதற்கு முன்னால் பஸ்ஸுக்கு வேறொரு வேலை கொடுத்தார்கள். பட்டியலில் உள்ள ஆட்களைப் பஸ்ஸோடு படகில் அக்கரைக்குக் கொண்டுபோய், புக்கிட் மெர்தாஜாம் ரயிலடியில் இறக்க வேண்டும்.

அந்தக் காலை ஞானாம்பிகை வழக்கம்போலக் கரியைப் புடைத்தாள். இன்றைக்காவது பிடிக்காமல் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேதான் தணலைப் போட்டாள். கை அவள் பேச்சைக் கேட்கவில்லை. என்றும் இல்லாத அதிசயமாக, போட்டதும் பிடித்துக்கொண்டது.

இருக்கை இல்லாத பஸ்ஸில் ஆண்கள் சிறு சிறு மூட்டைகளோடு தரையில் குந்தியிருந்தார்கள். முன்னால் காற்றோட்டமாக இடம் இருந்தது. விஸ்வலிங்கம் அதை விட்டுவிட்டுப் பின்னால் வந்து, திறந்த பின்கதவுக்கு அருகில், டிரம்மை ஒட்டி உட்கார்ந்தார். வெளியே படியில் நின்று அவள் விசிறியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். இடையில் ஒரு முழத் தூரம்கூட இல்லை. புகை அவர் முகத்தில் அடித்தது. இருமினார்.

"தள்ளி இருங்கோ" என்றாள் அவள், பழக்க தோஷத்தில். "நெஞ்சுக்குக் கூடாது."

"பேந்து பாப்பம்" என்றார் விஸ்வலிங்கம்.

ரயிலடிவரைக்கும் அவர் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.