ஏழு நாள் தண்ணீர்

முற்றத்துக்குப் பந்தல் போட மூங்கிலும் பச்சை மட்டையும் சுமந்து வந்த நாலு பேரும் தெருவாசலிலேயே நின்றுவிட்டார்கள். எதிரே கார் ஷெட். அதைத் தாண்டித்தான் வீட்டு நிலைவாசல். ஷெட் தரை முழுக்க இரண்டு விரற்கடைக்குத் தண்ணீர் நின்றது. சுற்றிலும் களிமண்ணால் கரை கட்டியிருந்தது. தண்ணீருக்கு அடியில் புதிதாகப் போட்ட சிவப்புச் சிமிட்டித் தரை பளபளத்தது.

"அண்ணே, எறங்கலாமா?" என்று பக்கத்து வீட்டு ஏகப்பன் அங்கிருந்தே கேட்டான்.

நிலைவாசலில் உட்கார்ந்திருந்த நாகநாதன் நிமிர்ந்து பார்த்தார். அவருக்குப் பின்னால், பட்டாசாலைக் கூடத்தில், அவர் மனைவி பொன்னுத்தாயியைக் கிடத்தியிருந்தார்கள். நேற்று மத்தியானம் மூன்று மணிக்குப் போன உயிர். தலைமாட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"வேணாம்ப்பா. அண்ணன் உசுரக் குடுத்துப் போட்ட தரை. இன்னும் ஏழு நாளு முடியல. கொல்லப் பக்கமாச் சுத்தி வாங்க" என்று ஏகப்பனே தீர்ப்புச் சொல்லிவிட்டான். நாலு பேரும் மூங்கிலைத் திருப்பிக்கொண்டு ஊருணிக்கரைப் பக்கம் நடந்தார்கள்.

நேற்றும் இப்படித்தான் நடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பைக் கொண்டுவந்து காரிலிருந்து இறக்கியவர்கள், யாரும் சொல்லாமலே, ஊருணிக்கரையைச் சுற்றிக் கொல்லை வழியாகத்தான் வீட்டுக்குள் கொண்டுபோனார்கள். நாகநாதனும் வாயைத் திறக்காமல் பின்னாலேயே நடந்தார். அந்தத் தெருவில் அந்தத் தரைக்குப் பயப்படாத ஆள் கிடையாது. மனுஷன் அத்தனை சத்தம் போட்டு வைத்திருந்தார்.

நாகநாதனுக்குக் காரைக்குடியில் வாடகைக் கார் ஓட்டும் தொழில். பிள்ளையார்பட்டிக்கும் திருக்கோஷ்டியூருக்கும் சாமி கும்பிட வருகிறவர்களை ஏற்றி இறக்குவார். சொந்தக் கார். பழசுதான், ஆனால் சொந்தம். வீட்டு முன்பக்கத்தை முழுசாக ஆஸ்பெஸ்டாஸ் போட்டு மூடி அதற்கு ஒரு ஷெட் கட்டியிருந்தார். கூரை வந்துவிட்டதே தவிர, தரை மண்தரையாகவே கிடந்தது. மழை பெய்தால் சக்கரம் புதையும். பெய்யாவிட்டால் எண்ணெய் ஒழுகிக் கரியாகக் கிடக்கும். அதை மிதித்துவிட்டு வீட்டுக்குள் வருவார். பொன்னுத்தாயி பின்னாலேயே ஈரத்துணியோடு வருவாள்.

"இந்த வருசமாச்சும் ஒரு தளம் போடுங்களேன். தொடச்சுத் தொடச்சு என் இடுப்பு ஒடியுது" என்று கேட்டது அவள்தான். பன்னிரண்டு வருஷமாகக் கேட்டாள்.

நாகநாதனுக்கு ஒரு குணம். எதை வாங்கினாலும் நல்லதாக இருக்க வேண்டும், மலிவாகவும் இருக்க வேண்டும், போதாக்குறைக்குக் கடைக்காரனே 'இந்த ஆள் விவரமானவன்' என்று மெச்சவும் வேண்டும். ஒரு மாதம் அலைந்தார். ஆத்தங்குடிக் கல் அழகுதான். ஜாக்கி வைத்தால் அன்றைக்கே விரிசல் விட்டுவிடும் என்று தள்ளினார். கருங்கல் பலகை பாவினால் பேரன் காலத்துக்கும் நிற்கும். பேரனுக்கு எங்கே போக, பிள்ளையே தங்காத வீடு. அதையும் தள்ளினார். கடைசியில் சிமிட்டியில் சிவப்புப் பொடி கலந்து தேய்ப்பதென்று முடிவானது. அப்போது சிமிட்டி கட்டுப்பாட்டுச் சரக்கு; அதற்குத் தாலுகா ஆபீஸ் வாசலில் நாலு நாள் காத்துக் கிடந்து பெர்மிட் வாங்கினார். பொடி விஷயத்தில் இன்னும் மோசம். கடையில் மூன்று தினுசு இருந்தது. மூன்றையும் ஒவ்வொரு சிட்டிகை வாங்கி வந்து, சிமிட்டியில் குழைத்துக் கொல்லைப்படியில் மூன்று பட்டையாகத் தடவி, எண்ணெய் ஊற்றி, சோடா உப்புப் போட்டுத் தேய்த்து, பத்து நாள் வெயிலில் போட்டுப் பார்த்தார். சாக்கில் வந்த பொடி வெளுத்தது. சீமை டப்பா நின்றது, விலையும் அப்படியே உச்சியில் நின்றது. நடுவில் இருந்த பம்பாய் டப்பாவும் நின்றது.

"பாத்தியா, பாதி வெல, முழு நெறம்" என்று பெண்டாட்டியிடம் அளந்தார்.

"பாத்தேன் பாத்தேன். கல்யாணத்துக்குக்கூட என்னய இம்புட்டுப் பாத்து எடுக்கல நீங்க" என்றாள் அவள்.

கொத்தனார் மருதுவைக் கூப்பிட்டால் ஒரே நாளில் வேலை முடிந்திருக்கும். கூலியை மிச்சம் பிடிக்கத் தானே போடுவதென்று துணிந்துவிட்டார். ஆனால் தொழில் தெரிய வேண்டுமே. கார் ஸ்டாண்டுப் பக்கத்து டீக்கடைக்கு மருது வரும்போதெல்லாம் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, பேச்சோடு பேச்சாக ஒரு கேள்வி கேட்பார். ஒரு நாள், கலவை எத்தனைக்கு எத்தனை. இன்னொரு நாள், கொத்துக்கரணையால் எப்போது தேய்க்க வேண்டும். கடைசி டீக்கு, "தண்ணி எத்தன நாளு நிக்கணும் மருது?" என்று கேட்டார். "ஏழு நாளுண்ணே" என்றான் மருது. அந்த மட்டில் எழுந்து வந்துவிட்டார். மேலே கேட்டால் விஷயம் வெளியே தெரிந்துபோகுமே.

போன வியாழக்கிழமை விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிறவரை முழங்கால் போட்டுத் தேய்த்தார். காரை எதிர்ச்சாரியில் வேப்பமரத்தடியில் நிறுத்தினார். உள்ளதைச் சொல்ல வேண்டும், தரை அப்படி வந்திருந்தது. முகம் பார்க்கலாம்.

வெள்ளிக்கிழமை காலையில் வாசல் தெளிக்கப் போன பொன்னுத்தாயி, பன்னிரண்டு வருஷப் பழக்கத்தில், நிலைப்படியிலிருந்து ஒரு காலை இறக்கிவிட்டாள். பொதுக்கென்று பதிந்தது.

"கண்ணு என்ன பொடணியிலயா இருக்கு? எருமமாடுகூட ஒதுங்கிப் போவுமே!" என்று நாகநாதன் ஆரம்பித்தார். தெருவே வந்து எட்டிப் பார்த்தது. "ஏழு நாளைக்கு இந்தப் பக்கம் கால வச்சே, கால ஒடிச்சு அடுப்புல வச்சுப்புடுவேன். எங்க போறதுன்னாலும் கொல்ல வழியாப் போ!"

அவள் வாளியைப் பிடித்தபடி நின்றாள். "ஒரு காலுதானங்க. இருந்துட்டுப் போகட்டுமே" என்று மெதுவாகச் சொன்னாள். அவர் கரணையை எடுத்து வந்து, அந்தத் தடம் இருந்த இடமே தெரியாமல் தேய்த்து அழித்துவிட்டுத்தான் ஓய்ந்தார். மறுநாள் கரை கட்டித் தண்ணீர் நிறுத்தினார். நாலு நாள் அவளோடு பேசவில்லை. கோபம் ஒரே நாளில் தீர்ந்துவிட்டது. அவளாக வந்து பேசட்டும் என்று இருந்தார், அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பிள்ளையார்பட்டிச் சவாரியை முடித்துவிட்டு, வேப்பமரத்தடியில் காருக்குள்ளேயே படுத்துத் தூங்கினார். வீட்டுக்குள் அவளுக்கு நெஞ்சுவலி வந்தது. நிலைவாசலிலிருந்து காருக்கு இருபத்தைந்து எட்டு இருக்கும். அவள் கூப்பிட்டாளோ என்னவோ; அடுத்த தெரு ரைஸ்மில் ஓடிக்கொண்டிருந்த நேரம், எதுவும் காதில் விழாது. அவள் கொல்லைக்கதவைத் திறந்துகொண்டு, சந்து வழியாக, ஊருணிக்கரையைச் சுற்றி, அந்த உச்சிவெயிலில் நடந்தாள். கரைத் திருப்பத்தில் விழுந்தாள். துணி துவைத்துக்கொண்டிருந்த நாகம்மை ஓடிவந்து கார்க் கண்ணாடியைத் தட்டியபோதுதான் அவருக்கு விழிப்பு வந்தது.

"வலி வந்த ஆளை இவ்வளவு தூரம் நடக்க விடலாமா?" என்றார் டாக்டர்.

முற்றத்தில் பந்தல் பாதி ஏறியபோது மருது வந்தான். தெருவில் நின்று, மட்டையைத் தூக்கிக்கொண்டு ஊருணிப் பக்கம் போகிற ஆட்களைப் பார்த்தான்.

"ஏய்யா, பக்கத்துல வாசல வச்சுக்கிட்டு ஊரச் சுத்துறீக?" என்றவன், செருப்பைக் கழற்றிவிட்டு, வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துத் தண்ணீரில் இறங்கிச் சளக் சளக்கென்று நடந்து வந்தான்.

நாகநாதன் எழுந்துவிட்டார். "மருது... தரை..."

"தரைக்கு என்னண்ணே?"

"ஏழு நாளு..."

"ஏழு நாளு தண்ணி நிக்கணும். அது சிமிட்டி இறுகுறதுக்கு. காரு ஏத்தக்கூடாது. ஆளு நடக்குறதுக்கு என்ன வந்துச்சு? மூணாம் நாளே நடக்கலாமே." மருது குனிந்து உள்ளங்கையால் தரையைத் தடவிப் பார்த்தான். துக்க வீடு என்பதைக்கூட ஒரு நிமிஷம் மறந்துவிட்டான். "நல்லா வந்திருக்குண்ணே. என் கையில போட்டாக்கூட இப்புடி வந்திருக்காது."

நாகநாதன் அவன் நடந்து வந்த வழியைப் பார்த்தார். ஒரு தடம் இல்லை. தன் காலை இறக்கி வைத்தார். கல்லாக இருந்தது. இன்னொரு காலையும் வைத்து, குதிகாலால் ஓங்கி மிதித்தார். தண்ணீர் தெறித்ததே தவிர, ஒன்றும் ஆகவில்லை. சனிக்கிழமையே நடந்திருக்கலாம். ஞாயிறு, திங்கள், செவ்வாய். செவ்வாய்க்கிழமை தாராளமாக நடந்திருக்கலாம். ஒரு டீ, இன்னும் ஒரே ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டிருந்தால் அவன் சொல்லியிருப்பான். நாக்கை அறுத்து அந்தத் தண்ணீரிலேயே போட்டுவிடலாம் போல இருந்தது அவருக்கு.

உள்ளே நாகம்மை பெண்களுக்கு நடுவில் மாரில் அடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தாள். "ஆத்தாடி, என் மடியிலதான் சாஞ்சா மகராசி! 'ஏத்தா இப்புடி வெயில்ல வந்தே, வாசல் வழியாப் போயி அவுகளக் கூப்புட வேண்டியதுதானே'ன்னேன். 'தரை காயலக்கா, அவுக வைவாக'ன்னா. சாகுற நேரத்துலயும் புருசன் சொல்லத் தட்டலையே! எவ இருப்பா இப்புடி?"

"எவ இருப்பா" என்று மற்றப் பெண்களும் மூக்கைச் சிந்தினார்கள். நாகம்மை பெருமையாகத்தான் சொன்னாள். அவள் மனசில் ஒரு குத்தலும் கிடையாது. அவள் தன்னை வைதாவது தொலைத்திருக்கலாம் என்று நாகநாதனுக்குத் தோன்றியது.

பத்து மணி பஸ்ஸில் நெற்குப்பையிலிருந்து மலையாண்டி வந்து இறங்கினார். பொன்னுத்தாயிக்கு அண்ணன். தாய் தகப்பன் போன பிறகு தங்கச்சியை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவர். பிறந்த வீட்டுக் கோடிச்சேலையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். அதைப் போர்த்தியபிறகுதான் பிணத்தை எடுக்க முடியும். அவர் சேலையை மடியில் வைத்துக்கொண்டு தங்கச்சி முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"வீட்டுல இருந்தவ, உச்சிவெயில்ல ஊருணிக்கரைக்கு எதுக்குப் போனா மாப்ள?"

நாகநாதன் வாயைத் திறந்தார். அதற்குள் ஏகப்பன் முந்திக்கொண்டான். "தண்ணி எடுக்கப் போயிருக்கும்ணே. இந்த வெயிலு யாரத்தான் விடுது." நல்ல மனசோடுதான் சொன்னான். நாகம்மைகூடத் தலையைக் குனிந்துகொண்டாள்.

நாகநாதன் திறந்த வாயை மூடிக்கொண்டார். மலையாண்டி சேலையை உதறி விரித்துத் தங்கச்சி மேல் போர்த்தி, விளிம்பை இரண்டு பக்கமும் ஒழுங்காக இழுத்துவிட்டார்.

பாடையை வாசல் வழியாகத்தான் எடுத்தார்கள். எட்டுப் பேர் அந்தத் தண்ணீரில் நடந்து அவளைக் கொண்டுபோனார்கள். கொள்ளிச்சட்டியோடு முன்னால் போன நாகநாதன் திரும்பிப் பார்க்கக்கூடாது. பார்க்கவில்லை. காலடிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே வந்தது.

மறுநாள் காலையில் பால் தெளித்துவிட்டு வந்தபிறகு சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். மலையாண்டியும் மஞ்சப்பையை எடுத்து வைத்துக்கொண்டு, நிலைவாசலில் நின்று ஷெட்டைப் பார்த்தார். இரவில் யாரோ கரையை வெட்டிவிட்டிருந்தார்கள். தண்ணீர் வடிந்து, தரை காய்ந்து, சிவப்பு முழுசாகத் தெரிந்தது.

"நல்லாப் போட்டிருக்கீக மாப்ள. அவ ஆசப்பட்டுக் கேட்டுக்கிட்டே இருந்தா. அவளுக்குத்தான் நடக்கக் குடுத்துவைக்கல" என்றார்.

அவர் அதைச் சொல்லாமல் போயிருந்தால், ஏகப்பன் சொன்ன பொய்யே காலத்துக்கும் நின்றிருக்கும். நாகநாதனும் அதற்குள் புகுந்து ஒளிந்துகொண்டு மிச்ச நாளை ஓட்டியிருப்பார்.

"மச்சான்" என்றார். "அவ தண்ணிக்குப் போகல."

மலையாண்டி திரும்பினார்.

"என்னயக் கூப்புடத்தான் வந்தா. நான் இந்தா, இந்த வேப்பமரத்தடியில காருக்குள்ள கெடந்தேன். தரைய மிதிக்கக் கூடாதுன்னு வஞ்சிருந்தேன். தெருவே கேக்க வஞ்சேன். அதுக்குப் பயந்துக்கிட்டுக் கொல்ல வழியா..." தரையைப் பார்த்தபடி சொன்னார். "மூணாம் நாளே நடந்திருக்கலாமாம் மச்சான். எனக்குத் தெரியல. நான் கேக்கல."

மச்சான் அடிப்பார் என்று நாகநாதன் எதிர்பார்த்தார். அடித்தால் காலில் விழுந்துவிடலாம் என்று நினைத்தார். மலையாண்டி தரையைப் பார்த்தார், வேப்பமரத்தைப் பார்த்தார், காரைப் பார்த்தார்.

"எந்த வழியாப் போனா?" என்று கேட்டார்.

நாகநாதன் கையை நீட்டிக் கொல்லைக்கதவைக் காட்டினார்.

மலையாண்டி பையைக் கையில் எடுத்துக்கொண்டு, பட்டாசாலையைக் கடந்து, முற்றத்தைக் கடந்து, கொல்லைக்கதவைத் திறந்துகொண்டு போனார்.

நாகநாதன் ஷெட் வழியாக இறங்கிக் காரிடம் போய்விட்டார். பஸ் ஸ்டாண்டு வரைக்குமாவது கொண்டுபோய் விட வேண்டும். பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு ஊருணிக்கரைப் பக்கம் பார்த்தபடி நின்றார். ஆளைக் காணோம். ஒரு மாட்டுவண்டி வந்தது, போனது. ரைஸ்மில் ஓட ஆரம்பித்தது. பிடரியில் வெயில் சுட்டது. இன்னும் காணோம். இத்தனை தூரமா என்று இருந்தது. அவர் அந்த வழியாக ஒருநாளும் அவசரமாக நடந்ததில்லை.

வெகுநேரம் கழித்துத்தான் கரைத் திருப்பத்தில் வெள்ளை வேட்டி தெரிந்தது. மலையாண்டி அங்கே நின்றார். பையைக் கீழே வைத்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அங்கிருந்து கார் நிற்கும் இடத்தைப் பார்த்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டு, காருக்கு வராமல், மறுபக்கம் திரும்பிப் பஸ் ஸ்டாண்டு ரோட்டில் நடக்க ஆரம்பித்தார்.

நாகநாதன் கதவைத் திறந்து பிடித்தபடியே நின்றார்.