ஈரத் தளம்

"ஏத்துங்க வண்டிய. தளம் போனாப் போகுது, ஏத்துங்க" என்று கத்தினார் மேஸ்திரி.

படகுக்காரர் ஜீப்பிலிருந்து எட்டி ஒரு நொடி அவரைப் பார்த்தார். ஜீப்புக்குப் பின்னால் இழுவண்டியில் மோட்டார் படகு; அதற்கும் பின்னால் படகுத்துறையின் சரிவு. பழைய துறையை உடைத்துவிட்டு அன்று காலைதான் அங்கே புது கான்கிரீட் போட்டிருந்தார்கள். ஈரம் இன்னும் மின்னியது.

ஆற்றின் நடுவே, முங்கிக் கிடந்த மரத்தின் கிளையைப் பிடித்துக்கொண்டு மேஸ்திரியின் தம்பி தொங்கினான். மிதந்து போன பலகையைப் பிடிக்க இறங்கியவனை மழைத் தண்ணீர் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது. மேலே சுற்றுலாக்காரர்கள் தங்கும் கூடாரத் திடலில் இருந்த கயிறுகளையெல்லாம் முடிந்து வீசிப் பார்த்தாயிற்று. பாதி தூரம்கூடப் போகவில்லை. இரண்டு பக்கமும் செங்குத்தான கற்சுவர். படகு இறங்க அந்தச் சரிவை விட்டால் வேறு வழி கிடையாது.

காலையெல்லாம் அந்தத் தளத்தை நாய்கூட மிதிக்கவிடாமல் விரட்டிக்கொண்டிருந்தவர் மேஸ்திரி. அண்ணியைக்கூட இப்படிக் காவல் காத்ததில்லையே என்று தம்பி கேலி செய்திருந்தான். அந்த மனுஷர் இப்போது அதன்மேலேயே வண்டியை ஏற்றச் சொன்னதும் யாரும் தடுக்கவில்லை. பெரிய மனசு என்றுதான் நினைத்திருப்பார்கள். மனசு பெரிதுதான், ஆனால் புத்தி வேலை செய்யவில்லை.

ஜீப் பின்னால் நகர்ந்தது.

கிளையிலிருந்து தம்பி ஏதோ கத்தினான். இரைச்சலில் கேட்கவில்லை. பிடித்திருந்த கைகளில் ஒன்றை விட்டு, தலைக்கு மேலே தூக்கி இப்படியும் அப்படியும் ஆட்டினான். வேண்டாம், வேண்டாம் என்று. இந்த நிலைமையிலும் தளத்துக்காகக் கவலைப்படுகிறானே பைத்தியக்காரன் என்று மேஸ்திரிக்கு அழுகை வந்தது.

"தளத்த விடுறா! வேற போட்டுக்கலாம்!"

இழுவண்டியின் சக்கரம் அழுந்தியது. கான்கிரீட்டைக் கிழித்துக்கொண்டு அடியிலிருந்த கம்பி வலையில் போய் மாட்டியது. ஜீப் முன்னும் பின்னும் உறுமியும் அசையவில்லை. அந்த வலையை அண்ணனும் தம்பியும்தான் குனிந்து குனிந்து கட்டியிருந்தார்கள். பதறிய காரியம் சிதறும் என்று ஊருக்கெல்லாம் சொன்ன மேஸ்திரிக்கு, தம்பி எதற்குக் கையை ஆட்டினான் என்பது அப்போதுதான் புரிந்தது.

"அவுத்துத் தூக்குங்க" என்றார்.

கட்டுகளை அவிழ்த்து, ஆட்கள் எல்லோருமாகப் படகைத் தோளில் ஏற்றினார்கள். சேற்றில் நடப்பதுபோலக் கான்கிரீட்டில் கால் புதைய இறங்கினார்கள். எடுத்த எடுப்பில் தூக்கியிருந்தால் இதற்குள் அக்கரைக்கே போய் வந்திருக்கலாம். படகு தண்ணீரைத் தொட்டபோது கிளையில் யாருமில்லை.

மேஸ்திரி ஆற்றில் பாய்ந்தார். இரண்டு பேர் இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள். விடச் சொல்லிக் கெஞ்சினார், அவர்கள் கையைக் கடித்தார். அவர்கள் விடவில்லை.

சாயங்காலம் ஆற்று வளைவில் கிடைத்தான். திடலில், குடும்பங்கள் உட்கார்ந்து சாப்பிடப் புதிதாகப் போட்டிருந்த நீள மேசையில் படுக்கவைத்துத் தார்ப்பாய் போர்த்தினார்கள். தம்பி மனைவியை யாரோ பைக்கில் அழைத்து வந்தார்கள். அவள் முகத்தை மட்டும் திறந்து பார்த்தாள். அழுது ஓய்ந்தபின் மேஸ்திரியிடம் திரும்பினாள்.

"மாமா, கடைசியா ஏதாச்சும் சொன்னாரா?"

"சத்தத்துல ஒண்ணும் கேக்கலம்மா. கையக் காட்டினான்" என்றார்.

"எப்படி?"

அவர் கையைத் தலைக்கு மேலே தூக்கினார். பாதி ஆட்டியதும் கை நின்றுவிட்டது.

"போயிட்டு வரேன்னா?"

படகுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். மேஸ்திரி அவளைப் பார்த்தார்.

"ஆமாம்மா" என்றார்.

அவள் தார்ப்பாய்க்குள்ளிருந்து அவன் கையை வெளியே எடுத்தாள். மடியில் வைத்துக்கொண்டு கைக்குட்டையால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். நகக்கண்ணில் இருந்த சிமெண்ட் போகவில்லை.